வாசலுக்கு ஒரு மரப் பெட்டி

கடந்த பொதுக்கூட்டத்தில் கடைசி விடயமாக எடுக்கப்பட்டு, நேரம் போதாமையால் அரைகுறையாக விடப்பட்ட ஒரு பிரேரணையைப் பற்றிச் சில வார்த்தைகள் எழுத விரும்புகிறேன். எமது மண்டபத்தின் முன்வாசலில் வைப்பதற்கு ஆறு பூப்பெட்டிகள் வாங்குவது என்பதே அப்பிரேரணை. வாசலில் பூ இருக்கவேண்டும் என்பதில் எவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. தார் போட்ட தரை, வாகனத் தரிப்பிடம், சாம்பல் நிறச் சுவர் என்றிருக்கும் இடத்துக்கு வெள்ளிக்கிழமைப் பூசைக்கென முதன்முறை வரும் ஒருவர், இது கோயிலா பண்டகசாலையா என்று ஒரு கணம் தயங்கத்தான் செய்வார். ஆகவே பூ வேண்டும். ஆனால் பெட்டியை வாங்க வேண்டுமா என்பதே எனது கேள்வி. வாங்க வேண்டாம், நாமே செய்வோம் என்பது எனது துணிபு. அத்துடன், மண்டபத்துக்கு ஆறு செய்வதோடு நில்லாமல், ஒவ்வொரு அங்கத்தவர் வீட்டு வாசலுக்கும் பல்கனிக்கும் ஒவ்வொன்று செய்யவேண்டும் என்றும் சொல்வேன்.

கூட்டத்தில் ஒரு பெரியவர், "ஏன் தம்பி வீண் வேலை? கடையிலே பிளாஸ்டிக் பெட்டி கிடக்குதே" என்றார். கிடக்கிறதுதான். அது இரண்டு கோடை வெயிலில் வெளிறி, மூன்றாம் பனிக்காலத்தில் வெடிப்பதையும் நாம் கண்டிருக்கிறோம். கடையில் விற்கும் நல்ல மரப் பெட்டிகளோ கை வைக்க முடியாத விலை. ஆனால் காசுக் கணக்கை மட்டும் வைத்து நான் இதைப் பேசவில்லை.

எமது தலைமுறைக்கும் பெட்டி என்ற சொல்லுக்கும் ஒரு நீண்ட தொடர்பு உண்டு. 1983 யூலைக்குப் பின் இந்நாட்டுக்கு வந்து சேர்ந்தவர்கள், எந்த மாநிலத்துக்கு அனுப்பப்படுவோம் என்று அறியாமல், ஒரு பெட்டியுடன் புகையிரத நிலையங்களில் நின்றவர்கள். பீலுக்கு வந்தவர்களிற் பலருக்கு உணவுவிடுதிச் சமையலறையிலும் வைத்தியசாலைத் துப்புரவுப் பகுதியிலும் முதல் வேலை கிடைத்தது. அறை எடுத்தோம், பின் வீடு எடுத்தோம். ஆனால் பெட்டி கட்டிலுக்கடியிலேயே இருந்தது. "அடுத்த வருடம் ஊருக்குப் போய்விடுவோம்" என்பது ஆசையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. 1994 சனவரியில் சுவிஸ் அரசும் இலங்கை அரசும் ஆட்களைத் திருப்பி அனுப்புவது பற்றி உடன்பாடு செய்துகொண்டபோது, எத்தனை வீடுகளில் அந்தப் பெட்டி மீண்டும் வெளியே வந்தது என்பதை மூத்தவர்கள் அறிவர். அப்படி வாழ்ந்தவன் சுவரில் ஆணி அடிக்கமாட்டான். வாசலில் மண் வைத்துச் செடி நடமாட்டான். வாங்குவதெல்லாம் மடித்துக் கட்டக் கூடியதாக, விட்டுவிட்டுப் போகக் கூடியதாக வாங்குவான்.

அந்தப் பழக்கம் காரணம் போன பின்பும் போகவில்லை. பிள்ளைகள் இங்கேயே பிறந்து, பாசல்போர்ட்டும் எடுத்து, சிலர் வீடும் வாங்கிவிட்டார்கள். முதலில் வந்த இளைஞர்கள் அறுபத்தைந்தைத் தொட்டு ஓய்வூதியம் எடுக்கிறார்கள். இருந்தும் எமது பல்கனிகளைப் பாருங்கள்: அரிசிச் சாக்கு, பழைய கதிரை, வெங்காயப் பை, சமையலுக்கு ஒரு எரிவாயு அடுப்பு. கோடையில் தெருவில் நின்று மேலே பார்த்தால் எது தமிழர் வீடு என்று இலகுவில் சொல்லிவிடலாம். பூ இல்லாத பல்கனி எமது பல்கனி. இதைக் குறை கூறுவதற்காக எழுதவில்லை. ஊரில் முற்றம் கூட்டி, செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் வேலியோரம் வைத்து, விடிய எழுந்து பூப்பறித்த சனம் நாம். அந்தச் சனத்தின் வாசல் இப்படி இருக்கிறதே என்ற மனக்குறைதான்.

இந்நாட்டவரின் யன்னல் பூவைப் பற்றியும் ஒரு வார்த்தை. பேர்ண் மாநிலத்துப் பண்ணை வீடுகளின் யன்னலெங்கும் தொங்கும் சிவப்பு ஜெரானியத்தைப் பார்த்து, இது இந்த மலைகளிலேயே முளைத்த பூ என்று எண்ணிவிடுகிறோம். உண்மையில் அது தென்னாபிரிக்கச் செடி. அதன் சரியான பெயர் பெலார்கோனியம். 1652இல் நன்னம்பிக்கை முனையில் தங்குமிடம் அமைத்த ஒல்லாந்தக் கம்பனியின் கப்பல்கள் அங்கிருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்த செடிகளுள் அதுவும் ஒன்று. 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்ததும் அதே கம்பனிதான் என்பது சரித்திரத்தின் ஒரு வேடிக்கை. இன்றைக்கும் அந்தச் செடியால் சுவிஸ் பனிக்காலத்தை வெளியில் நின்று தாங்க முடியாது. ஐப்பசியில் கொப்புகளை வெட்டி, உறையாத நிலவறையில் வைத்து, மே மாத நடுப்பகுதியில் மீண்டும் வெளியே எடுக்கிறார்கள். "பனிப் புனிதர்கள்" என்று இவர்கள் அழைக்கும் மே 11 முதல் 15 வரையான நாட்கள் கழியுமுன் மென்மையான செடியை வெளியே வைக்கக்கூடாது என்பது இங்குள்ள கிழவிமார் சொல்லும் கணக்கு. வேறு தேசத்துச் செடியை வருடத்தில் இரண்டு தரம் தூக்கிச் சுமந்து தம்முடையதாக ஆக்கிக்கொண்டார்கள். நாம் துளசிக்குச் செய்யவேண்டியதும் அவ்வளவே.

இனிப் பெட்டிக்கு வருவோம். இதில் சற்று விரிவாக எழுதுவதை அன்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். "செய்யலாம்" என்று சொல்லிவிட்டு எப்படி என்று சொல்லாமல் போவது எமது கூட்டங்களில் வழமையாகிவிட்டது.

ஊரில் மரம் வாங்கப் போனால் முதலில் வைரத்தைப் பார்ப்போம். முதிரை, வேம்பு, பனை எதுவானாலும் வைரம் பாய்ந்த பகுதி நிற்கும், வெளிறு உளுத்துப் போகும். இங்கும் அதே விதிதான். கடைகளில் மிக மலிவாகக் கிடைப்பது ஃபிக்டெ எனப்படும் ஊசியிலை மரம். வெளிர்நிறம், இலேசானது, அறுக்க இலகுவானது. ஆனால் ஈரமண்ணுடன் வெளியில் நின்றால் நாலைந்து வருடத்துக்கு மேல் எதிர்பார்க்கக்கூடாது. லேர்ஹெ என்பது சற்றுச் செந்நிறமானது, பிசின் நிறைந்தது, விலை கூடியது, கணிசமாக நீண்டகாலம் நிற்கும். டக்ளஸ் மரம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. முதற்பெட்டி செய்பவர்களுக்கு நான் ஃபிக்டெயைத்தான் சொல்வேன். கை பழகட்டும். பீலில் இருப்பதால் ஒரு வசதி: பலகையை டொச்சில் "பிறெற்" என்று கேட்டாலும் கிடைக்கும், பிறெஞ்சில் "பிளான்ஷ்" என்று கேட்டாலும் கிடைக்கும்.

இரண்டு சென்ரிமீற்றர் தடிப்பும் பன்னிரண்டு சென்ரிமீற்றர் அகலமும் இரண்டரை மீற்றர் நீளமும் உள்ள பலகை மூன்று போதும். முதலாம் பலகையில் 80 சென்ரிமீற்றர்த் துண்டுகள் மூன்று. இரண்டாவதில் 80 ஒன்று, 76 இரண்டு. மூன்றாவதில் 25 நான்கு, 29 இரண்டு. மிச்சம் ஒரு முழத்துக்கும் கூடுதலாகக் கையில் நிற்கும். இத்துடன் நாலுக்கு நாலு சென்ரிமீற்றர்ச் சட்டத்தில் 21 சென்ரிமீற்றர்த் துண்டுகள் நான்கு. 80 துண்டுகள் நீளப் பக்கங்கள், ஒரு பக்கத்துக்கு ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு. 25 துண்டுகள் குறுகிய பக்கங்கள். இவை நீளப் பலகைகளுக்கு இடையில் நிற்க வேண்டும். 76 துண்டுகள் அடிப்பலகை. 29 துண்டுகள் இரண்டும் பெட்டியின் கீழே குறுக்காகப் போகும் கால்கள். சட்டத்துண்டுகள் நாலு மூலையிலும் உட்புறமாக நிற்பவை. அவற்றை அடியிலிருந்து இரண்டு சென்ரிமீற்றர் உயர்த்திப் பூட்டினால் அடிப்பலகை கீழே சரியாகப் பொருந்தும். இரு அடிப்பலகைகளுக்கும் இடையே ஒரு சென்ரிமீற்றர் இடைவெளி தானாகவே விழும். அதை அடைக்க வேண்டாம். தண்ணீர் போகவும், நனைந்த பலகை ஊதவும் அந்த இடம் தேவை.

ஆணி அடிக்காதீர்கள், திருகாணி போடுங்கள். ஐம்பது மில்லிமீற்றர்த் துருப்பிடியாத திருகாணி நாற்பதும், கால்களுக்கு முப்பத்தைந்து மில்லிமீற்றரில் எட்டும் வேண்டும். ட்றில்லால் முதலில் சிறு துளை போடாமல் பலகையின் ஓரத்தில் திருகினால் பலகை பிளக்கும். மூலையில் இரு பக்கத்தாலும் வரும் திருகாணிகள் சட்டத்துக்குள் முட்டிக்கொள்ளாதபடி ஒன்றைச் சற்று உயர்த்தி மற்றதைச் சற்றுத் தாழ்த்திப் போட வேண்டும். வெளிப்புறத்துக்கு ஆளிவிதை எண்ணெய் இரண்டு பூச்சு போதும். குறுக்கே அறுத்த முனைகளுக்கு மூன்று, ஏனெனில் மரம் தண்ணீரைக் குடிப்பது அந்த வாயால்தான். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடக்கூடாது. ஆளிவிதை எண்ணெய்த் துணி தானாகச் சூடேறித் தீப்பற்றும் தன்மையுடையது. விரித்து வெளியில் காயவிட்டுப் பின் எறியுங்கள். பெட்டியின் உட்பக்கச் சுவர்களுக்கு ஒரு தடித்த பிளாஸ்டிக் தாள் பிடித்தால் மரம் இன்னும் சில காலம் நிற்கும். அடியை மாத்திரம் மூடாதீர்கள். அங்கே ஒரு துண்டுச் சாக்கு விரித்தால் மண் ஒழுகாது, நீர் ஒழுகும்.

நான் இவ்வாறு செய்த பெட்டி ஒன்றுக்கு மரமும் திருகாணியும் சேர்த்து முப்பது பிராங்குக்கு மேல் போகவில்லை. எண்ணெய் ஒரு போத்தல் பல பெட்டிக்குக் காணும். நாற்பது லீற்றர் மண் சாக்கு ஒன்று ஒரு பெட்டியை நிரப்பும்.

"பலகை ஏன் வாங்குவான், வேலைத்தலத்தில் பலெற் சும்மா கிடக்கிறதே" என்று சிலர் கேட்பீர்கள். களஞ்சியங்களில் வேலை செய்யும் பிள்ளைகள் எம்மிடம் பலர் உண்டு. ஆனால் 120க்கு 80 சென்ரிமீற்றர் அளவான ஐரோப்பியப் பலெற் சும்மா கிடப்பதல்ல. அது கம்பனிக்குக் கம்பனி மாற்றிக்கொள்ளும் பொருள். ஒவ்வொன்றுக்கும் கணக்கு உண்டு. ஒருமுறை மட்டும் பாவிக்கும் பலெற்றை, பொறுப்பாளரிடம் கேட்டு எடுக்கலாம். அதிலும் முத்திரையைப் பாருங்கள். எச்.ரி. என்று இருந்தால் மரத்தைச் சூடாக்கிப் பூச்சி கொன்றிருக்கிறார்கள், பயமில்லை. எம்.பி. என்றிருந்தால் மீதைல் புரோமைட்டு நச்சுவாயு அடித்தது, தொடவேண்டாம். எண்ணெய்க் கறையோ இரசாயன வாடையோ உள்ளதையும் தவிருங்கள். பழைய ரயில் சிலிப்பர்க் கட்டை பற்றி ஒருவர் கேட்டார். கிரியோசோட் ஊறிய அந்தக் கட்டையைத் தோட்டத்தில் பாவிப்பதை இந்நாட்டுச் சட்டமே தடுத்திருக்கிறது. எனது அபிப்பிராயத்தில் பலெற்றில் மரம் இலவசம்தான், ஆனால் முறுக்காணி பிடுங்குவதில் ஒரு சனிக்கிழமை முழுவதும் போய், பாதிப் பலகை பிளந்தும் போகும். ஓய்வு உள்ளவர்களுக்கு அது நல்ல பொழுதுபோக்கு.

வாடகை வீட்டில் இதெல்லாம் விடுவார்களா என்பது அடுத்த கேள்வி. நிலத்தில் நிற்கும் பெட்டிக்குப் பொதுவாகத் தடை இராது. சுவரில் துளையிடுவதென்றாலும், பலகணிக் கம்பிக்கு வெளிப்புறமாகத் தொங்கவிடுவதென்றாலும் நிர்வாகத்திடம் எழுதிக் கேளுங்கள். கம்பிக்கு வெளியே தொங்குவது எனக்கு உடன்பாடில்லை. கீழே மனிதர் நடக்கிறார்கள். நீர் ஒழுகிக் கீழ்வீட்டாரின் காயப்போட்ட உடுப்பில் விழுந்தால், பத்து வருடம் வளர்த்த நல்லுறவு ஒரு வாளித் தண்ணீரில் போய்விடும். ஆகவே காலுக்குக் கீழே ஒரு தட்டு வையுங்கள். நிறை வேறு இருக்கிறது: நனைந்த மண்ணோடு பெட்டி ஐம்பது கிலோவை நெருங்கும். பழைய கட்டடத்துப் பல்கனியில் நாலைந்தை ஒரே மூலையில் அடுக்குமுன் வீட்டுக்காரரைக் கேட்பது புத்தி. மாடிப்படிக் கூடத்தில் எதுவும் வைக்கக்கூடாது. தீப்பற்றினால் ஓடும் வழி அது. பூப்பெட்டியும் கூடாது, எமது வீடுகளுக்கு வெளியே குவிந்திருக்கும் இருபது சோடிச் செருப்பும் கூடாது. (இதை எழுதவேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன்.)

என்ன நடலாம்? வெந்தயம் போட்டால் ஒரு கிழமைக்குள் முளைத்துவிடும், பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்ட அதைப்போல் வேறில்லை. கொத்தமல்லி, கீரை, பச்சை மிளகாய் எல்லாம் மே நடுவிலிருந்து புரட்டாதி வரை வரும். புதினாவைத் தனிச் சட்டியில் வையுங்கள். விட்டால் பெட்டி முழுவதும் அதன் ஆட்சி. பூசைக்குச் செவ்வந்தி. மண்டபத்து வாசலுக்கு ஆறு பெட்டியும் செவ்வந்தியே போதும் என்பது என் விருப்பம். கோடை முழுவதும் மாலைக்குக் கடைப்பூ வாங்கும் செலவில் ஒரு பகுதி குறையும்.

துளசியை மாத்திரம் நேரே பெட்டி மண்ணில் நடாதீர்கள். அது பத்துப் பாகைக்குக் கீழே குளிர் போனாலே வாடத் தொடங்கும். சட்டியில் நட்டு, அந்தச் சட்டியைப் பெட்டிக்குள் இறக்கி வையுங்கள். புரட்டாதியில் வாவிப் பக்கமிருந்து புகார் எழும்பத் தொடங்கும்போது சட்டியோடு தூக்கி உள்ளே கொண்டுபோகலாம். பீஸ் காற்று ஒரு இரவு அடித்தாலும் போதும், காலையில் கறுத்துப்போன துளசியைப் பார்த்து வீட்டில் அபசகுனம் என்று பேச்சு எழும். அபசகுனமல்ல, அது குளிர். உள்ளே வைத்தாலும் யன்னலடி வெப்பமூட்டியின் காய்ச்சலில் சிலவேளை பட்டுப்போகும். கோடையிலேயே விதை எடுத்து ஒரு கடிதவுறையில் வைத்திருங்கள். பங்குனியில் உள்ளே விதைத்தால் வைகாசிக்குக் கன்று தயார். ஊருக்குப் போய்வருபவர்கள் பயணப்பொதிக்குள் கறிவேப்பிலைக் கன்றும் விதையும் கொண்டுவரும் வழக்கத்தையும் விடவேண்டும். 2020ஆம் ஆண்டு முதல் ஐரோப்பாவுக்கு வெளியேயிருந்து செடி, விதை, பூ எது கொண்டுவந்தாலும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். கறிவேப்பிலையோடு வரும் பூச்சி, தோடை எலுமிச்சை மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பக் கூடியது. இங்கேயே கன்று வளர்ப்பவர்கள் எம்மவரில் இருக்கிறார்கள்; ஒருவருக்கொருவர் கேட்டு வாங்கலாம்.

நிர்வாக சபைக்கு எனது வேண்டுகோள் இதுதான். ஆறு பெட்டி வாங்க ஒதுக்க எண்ணிய பணத்தில் பாதியைத் தாருங்கள். சித்திரைப் புத்தாண்டுக்குப் பின்வரும் ஒரு சனிக்கிழமை மண்டபத்தின் பின்பக்கத்தைத் திறந்துவிடுங்கள். இரண்டு வாள், இரண்டு ட்றில், ஒரு மூலைமட்டம் போதும். எமது அங்கத்தவர்களுள் ஊரில் தச்சுவேலை கற்றுக்கொண்டு வந்து, இங்கே முப்பது வருடம் சட்டி கழுவிய ஐயாமார் இருக்கிறார்கள். அவர்களுடைய கையில் என்ன வித்தை இருக்கிறது என்பது அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கே தெரியாது. தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளை அன்று கூட்டி வாருங்கள். "உளி", "சட்டம்", "வைரம்", "வெளிறு" என்ற சொற்களைப் புத்தகத்தில் படித்து மறப்பதிலும் பார்க்க, கையில் பலகையோடு ஒருமுறை கேட்பது நல்லது. பெண்களுக்கும் அங்கே வேலை உண்டு என்று எழுதப் போனேன். வீட்டில் ட்றில் பிடிப்பவர் யார் என்று எண்ணிப் பார்த்து, அந்த வரியை எடுத்துவிட்டேன்.

கூட்டத்தில் "அடுத்த வருடம் மண்டபம் மாறினால் பெட்டியை என்ன செய்வது" என்று பொருளாளர் கேட்டார். நியாயமான கேள்வி. மண்ணைக் கொட்டிவிட்டால் ஒரு பெட்டி பத்துக் கிலோவுக்கும் குறைவு. இருவர் தூக்க வேண்டியதில்லை, ஒருவரே கொண்டுபோகலாம்.

வீட்டுக்கு ஒரு பெட்டி செய்ய விரும்பும் குடும்பங்கள் பங்குனி முடிவதற்குள் பெயரைத் தந்தால், பலகையை மொத்தமாக வாங்கி இறக்கலாம். வாகனம் உள்ள ஒருவர் முன்வர வேண்டும். திருகாணி வாங்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன்.